இழப்பைக் கேட்பவர் எந்தக் கட்சி?

அன்புள்ள ஐயா,

இந்தியா–பாகிஸ்தான் சண்டை நடந்துகொண்டிருந்த 2025 மே 8ஆம் தேதி இரவு, பாகிஸ்தானின் கராச்சி துறைமுகம் அழிக்கப்பட்டது என்று தொலைக்காட்சிகள் சொன்னபோது எங்கள் குடும்ப வாட்ஸாப் குழு கொண்டாட்டத்தில் இருந்தது. “இதை அரசு உறுதி செய்திருக்கிறதா?” என்று கேட்டேன். “நீ எந்தக் கட்சி என்று தெரியாதா?” என்றார் சித்தப்பா. என் கல்லூரி நண்பர்களோ, நம் போர் விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் சொன்னதை, தங்கள் கட்சி தேர்தலில் வென்றதுபோல் பகிர்ந்தார்கள். போர்க்காலத்தில் நாட்டு நலன் கருதிப் பேசாமல் இருந்துவிடுவதுதான் முறையா?

க., திருச்சி

அன்புள்ள க.,

உங்கள் சித்தப்பாவும் நண்பர்களும் எதிரெதிர்த் தரப்பினர் அல்லர். செய்தி வந்ததும் “இது உண்மையா?” என்று கேட்பதற்கு முன்பே “இதனால் யாருக்கு ஆதாயம்?” என்று இருவருமே பார்த்துவிட்டார்கள். கராச்சி துறைமுகம் அழியவில்லை என்பது மறுநாளே தெரிந்தது. அதே இரவில் எங்கள் தெருவில், வேலூர்ப் பக்கத்து முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கைப்பேசியை மடியில் வைத்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தங்கை மகன் ஜம்முவில் பணியில் இருந்தான். அவருக்கு வேண்டியிருந்தது உண்மையான தகவல் மட்டுமே.

கட்சிப் பற்று எப்படி வேலை செய்கிறது என்பதை மே 10ஆம் தேதி மாலை கண்கூடாகப் பார்த்தோம். சண்டை நிறுத்தத்தை அறிவித்தவர் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி. முடிவு அரசுடையது, அவர் அதை நாட்டுக்குச் சொன்ன அதிகாரி. ஆயினும் அந்த முடிவில் ஏமாற்றம் அடைந்தவர்களுள் பலர், தங்கள் தலைவர்மீது கோபப்பட மனம் வராமல், அவரையும் அவர் குடும்பத்தையும் வசைபாடினார்கள். அவர் தம் எக்ஸ் கணக்கையே பூட்டிவைக்க நேர்ந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலர் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

விமான இழப்பு பற்றிக் கேட்டவர்கள் அந்த நாட்களில் எதிரியின் குரலாகவே பார்க்கப்பட்டார்கள். மே 31 அன்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான், சிங்கப்பூரில் அளித்த பேட்டியில், இழப்பு இருந்ததை ஒப்புக்கொண்டார். ஆறு விமானங்கள் விழுந்தன என்ற பாகிஸ்தானின் கூற்றை மறுத்தார். ஏன் விழுந்தன, எந்தத் தவறைத் திருத்திக்கொண்டு மீண்டும் பறந்தோம் என்பதே முக்கியம் என்றார். சித்தப்பாவின் தரப்பும் நண்பர்களின் தரப்பும் நம்ப விரும்பியதை ஒரே பேட்டியில் கலைத்துவிட்ட அந்தத் தளபதியை இருவருள் யாரும் துரோகி என்று சொல்ல முடியாது.

பேசாமல் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. படைகளின் நகர்வை நேரலையில் காட்ட வேண்டாம் என்று அரசு தொலைக்காட்சிகளுக்கு விடுத்த அறிவுறுத்தல் நியாயமானது. 2008 மும்பைத் தாக்குதலில் நாம் கற்ற பாடம் அது. ஆனால் அரசிடம் கணக்குக் கேட்பதை நிறுத்த வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை தாக்கியது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜனசங்கத்தின் (பா.ஜ.க.வின் முன்னோடிக் கட்சி) வாஜ்பாய் நாடாளுமன்றத்தைக் கூட்டக் கோரினார். நவம்பர் 8 அன்று, போர் முடியாத நிலையிலேயே, அவை கூடியது. ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. அவை கூடியதற்கு முந்தைய நாள், போர் தொடங்கியபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் அமைச்சரவையிலிருந்து விலகியதற்குக் காங்கிரஸ் உறுப்பினர்களே கொடுத்த நெருக்கடி பெரிய காரணம். நம் பக்கத்தில் அண்ணா திராவிட நாடு கோரிக்கையை ஒதுக்கிவைத்துப் போருக்கு ஆதரவு தெரிவித்தார்; ஆனால் மறு ஆண்டே இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அதே காங்கிரஸ் ஆட்சியில் சிறைக்குப் போனார். நாட்டோடு நிற்பது வேறு, ஆள்பவரிடம் வாயை அடகு வைப்பது வேறு என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

அந்தப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கை 1963இலேயே தயாராகிவிட்டது. அதை வெளியிட முடியாது என்று 2010இல் காங்கிரஸ் அரசின் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார். அறிக்கையின் ஒரு பகுதி 2014 மார்ச்சில் கசிந்தபோது, மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பா.ஜ.க.வின் அருண் ஜெட்லி, இத்தனை ஆண்டுகள் அதை மறைத்து வைத்ததைக் கேள்விக்குள்ளாக்கி எழுதினார். அதே ஆண்டு ஜூலையில், பாதுகாப்பு அமைச்சராக, அதை வெளியிடுவது நாட்டு நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவையில் பதில் அளித்தார். இடையில் மாறியது இருக்கை மட்டுமே. எனவே “நாட்டு நலன்” என்று யாராவது உங்கள் வாயை அடைக்க வந்தால், அவர் எந்த இருக்கையிலிருந்து பேசுகிறார் என்பதை முதலில் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பாவிடம் கேட்ட கேள்வியைக் கல்லூரி நண்பர்களிடமும் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். கேட்கவில்லை என்றால், சித்தப்பாவின் சந்தேகத்துக்கு நீங்களும் கொஞ்சம் இடம் கொடுத்துவிட்டீர்கள்.