வேலியோரச் செடிக்கு யார் மருந்து அடிக்கிறார்கள்?

கேள்வி: கிழமைக்கொரு தடவை பங்கசுநாசினி அடித்தும் தக்காளியின் கீழ் இலைகளில் வளையம் வளையமாகக் கபிலப் புள்ளி விழுந்து கருகுகிறது. வேலியோரம் தானாக முளைத்த சுண்டங்காய்க்கு ஒரு குறையும் இல்லை. காட்டுச் செடிக்கு மட்டும் என்ன வரம்? சுண்டங்காயில் தக்காளியை ஒட்டினால் சரிவருமா? - வாசகர், உரும்பிராய்

பதில்: வரமொன்றும் இல்லை, அதுகளுக்கும் நோய் வரும். பற்றைக்குக் கிட்டப் போய் இலைகளைத் திருப்பிப் பாருங்கள், துருநோயும் சாம்பல்நோயும் கண்ணில் படும். பரவுவதுதான் குறைவு, ஏனென்றால் பக்கத்தில் நிற்பது வேறு இனம், அதே இனமாக இருந்தாலும் அச்சு அசலாக ஒன்றுபோல இராது. உங்கள் பாத்தியில் நிற்பதெல்லாம் ஒரே பைக்கற் விதை. ஒன்றில் ஏறிய பங்கசுக்கு மற்றதெல்லாம் திறந்த வீடு.

செடிக்குள்ளேயும் ஒரு காவல் இருக்கிறது. துருநோய்ப் பங்கசு உயிருள்ள கலத்தில்தான் உறிஞ்சி வாழும். அதை அடையாளம் காணும் மரபணு உள்ள செடி, அது நுழைந்த இடத்துக் கலங்களைத் தானே சாகடித்துவிடும், தீனியில்லாமல் பங்கசும் அதோடு சரி. வெளியே தெரிவது ஊசிமுனை அளவு காய்ந்த பொட்டு மட்டும். அமெரிக்காவில் ஹரல்ட் ஃபிளோர் 1940களில் ஆளிச் செடியின் துருநோயை ஆராய்ந்து, செடியின் எதிர்ப்பு மரபணு ஒவ்வொன்றுக்கும் சோடியாகப் பங்கசிலும் ஒரு மரபணு இருப்பதைக் காட்டினார். தோட்டத் தக்காளிக்கு இலைப்பூஞ்சண நோயை எதிர்க்கும் மரபணு வந்ததும் தென் அமெரிக்காவின் பொடிக்காய்க் காட்டுத் தக்காளியோடு கலந்துதான்.

ஆனால் நீங்கள் சொல்கிற வளையப் புள்ளி அல்டர்னேரியா என்ற வேறொரு பங்கசின் வேலை மாதிரித் தெரிகிறது. அது செத்த கலத்தைத் தின்பது, அதனிடம் செடி தன் கலங்களைச் சாகடிக்கும் இந்த வித்தை எடுபடாது. மயிரடர்ந்த இன்னொரு காட்டுத் தக்காளியில் அதற்கு எதிர்ப்பு உண்டு, ஆனால் பல மரபணுக்கள் சேர்ந்து தருவது. கலப்புச் செய்தால் காய் பிந்தி முற்றும் குணமும் கூடவே வந்து தொலைக்கிறது.

ஒட்டுக்கன்று? மண்ணால் வரும் வாடலுக்கும் வேர்முடிச்சுப் புழுவுக்கும் சுண்டங்காய் வேர் நல்லது, கத்தரிக்கு அப்படிச் செய்கிறார்கள். மேலே நிற்பது தக்காளி இலைதானே, புள்ளி விழத்தான் செய்யும்.

இப்போதைக்குப் புள்ளி விழுந்த கீழ் இலைகளைக் கிள்ளி எரியுங்கள், இலை நனையாமல் அடியில் தண்ணீர் விடுங்கள், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். அடுத்த போகம் அந்தத் துண்டில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். வெங்காயம் வையுங்கள்.