டாங்கிள் எரிந்தால் மென்பொருள் உரிமையும் எரிந்துவிடுமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் சிறிய போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நானும் ஒரு உதவியாளரும்தான். போன மாதம் இரவு ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய், இரண்டு நிமிடத்தில் ஹை வோல்டேஜாக வந்தது. கம்ப்யூட்டர் போர்டும், 38,000 ரூபாய்க்கு வாங்கிய எடிட்டிங் மென்பொருளின் டாங்கிளும் (கம்ப்யூட்டரில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சிறு கருவி) போய்விட்டன. போர்டை மாற்றிவிட்டேன். மென்பொருள் விற்றவர், புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார். சர்வீஸ் பையன் டாங்கிள் இல்லாமலே ஓடும்படி பூட்டை உடைத்த ‘கிராக்’ நகலை 1,500 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்கிறான். பாதியில் நிற்கும் ஆல்பத்துக்காகப் பெண் வீட்டார் கேஸ் போடுவோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கிராக் மட்டும் வேண்டாம். திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நீங்கள் அதை வைத்துத் தொழில் செய்கிறவர் என்பதால் சலுகையும் எதிர்பார்க்க முடியாது. முறையாகப் பணம் கட்டி வாங்கியவர் என்பதுதான் இன்று உங்கள் கையில் இருக்கும் பலம். 1,500 ரூபாய்க்காக அதை இழந்துவிடாதீர்கள்.

எரிந்த டாங்கிளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? கருகிய முனையும், அதன் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள். பில்லோடு ஒரு கவரில் பத்திரப்படுத்துங்கள். தொலைந்துபோன டாங்கிளுக்கு மாற்று தரத் தயங்குவார்கள். அது வேறு யாரிடமோ ஓடிக்கொண்டிருக்கலாம் என்ற பயம். கெட்டுப்போனதைத் திருப்பிக் கொடுப்பவருக்கு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. நீங்கள் பணம் கட்டியது மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமைக்கு. டாங்கிள் அதன் சாவி. அதனால் கடைக்காரரோடு நிறுத்தாமல், மென்பொருள் நிறுவனத்துக்கே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். மாற்று டாங்கிளுக்கு நியாயமான கட்டணம் கேட்டால் கட்டிவிடலாம். முழு விலை கேட்டால், எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். உரிம ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் வழக்கு கடினமாகும். ஆனாலும் வாங்கும்போது அதை உங்களுக்குச் சொன்னார்களா என்ற கேள்வி நிற்கும்.

15 நாளில் சரியான பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ‘தொழிலுக்கு வாங்கியதால் நீ நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதிடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவர் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு விளக்கம் சொல்கிறது. ஒன்றிரண்டு உதவியாளர் இருப்பதால் அந்தத் தகுதி போய்விடாது என்று லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் ஸ்டுடியோவுக்கு அப்படியே பொருந்துகிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் புகார்க் கட்டணம் கிடையாது. நீங்கள் தொழில் செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

மின்வாரியம்? கரண்ட் போனதற்காக மட்டும் தொழில் நஷ்டம் வாங்குவது கஷ்டம். ஹை வோல்டேஜ் வேறு விஷயம். அன்றிரவு உங்கள் தெருவில் வேறு யார் வீட்டு டிவி, ஃபிரிட்ஜ் எரிந்தது என்று விசாரியுங்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே பெரிய சாட்சி. மின்வாரியத்தில் கொடுத்த புகாரின் எண், போர்டு மாற்றியவரின் பில், எரிந்த பழைய போர்டு இவற்றோடு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் மனு கொடுங்கள்.

பெண் வீட்டார் விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்தான் பேசுவேன். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களின் பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவு. உங்களுக்கும் கடைக்காரருக்கும் உள்ள தகராறு அவர்களுக்குச் சொல்லும் காரணமாகாது. தாமதத்தால் நஷ்டம் என்று ஒப்பந்தச் சட்டம் 73-ஆவது பிரிவில் அவர்கள் கேட்கலாம். ஒரிஜினல் படங்கள் மெமரி கார்டில் இருக்கின்றனவா? இருந்தால் அந்தக் கார்டை ஃபார்மட் செய்யாமல் இன்றே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஒரு நகலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். முறையான மென்பொருள் வைத்திருக்கும் நண்பரின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆல்பத்தை முடித்துத் தருவதாக, தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். நேரில் போய்க் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த வீட்டில் அவர்கள் காத்திருப்பது மகளின் கல்யாணப் படத்துக்காக.