பல்கலைக்கழகக் கணக்கின் கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: வேறொரு கல்லூரியில் படிக்கும் நண்பர், ஆய்விதழ்களைப் படிப்பதற்காக என் பல்கலைக்கழகக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறார். படிப்புக்குத்தானே கேட்கிறார், கொடுத்தால் என்ன தவறு?

பதில்: கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. இளங்கலையில் என்னோடு படித்த நண்பன் இதே காரணத்தைச் சொல்லித்தான் கேட்டான். அவன் கல்லூரிக்கு இதழ்ச் சந்தா கிடையாது. நான்கு கட்டுரைகள் மட்டும் வேண்டும் என்றான். ஆய்வுக் கட்டுரைகளைப் பூட்டி வைத்திருப்பது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கடவுச்சொல்லை அனுப்பினேன். தனக்கு வேண்டிய நான்கையும் தேடத் தொடங்குவதற்கு முன்பே அவன் அதைத் தன் அறைத்தோழனிடம் சொல்லியிருக்கிறான். அந்த அறைத்தோழன் இரவோடு இரவாக ஒரு நிரலை ஓடவிட்டு, ஒரு பதிப்பகத்தின் இதழ்களை ஆண்டு வாரியாக அள்ளத் தொடங்கிவிட்டான்.

மறுநாள் நூலகர் அழைத்தார். "நேற்றிரவு இரண்டு மணிக்கு எங்கே இருந்தீர்கள்?" தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். வரிக்கு வரி என் பெயர்.

வளாகத்துக்கு வெளியிலிருந்து இதழ்களைப் படிக்கும்போது, நம் கோரிக்கை பெரும்பாலும் நூலகத்தின் சர்வர் ஒன்றின் வழியாகவே பதிப்பகத்தைச் சென்றடைகிறது. பதிப்பகத்துக்கு நீங்கள், நான், துறைத்தலைவர் எல்லோரும் ஒரே இணைய முகவரிதான். அந்த முகவரியிலிருந்து அளவுக்கு மீறிப் பதிவிறக்கம் நடந்தால், பதிப்பகத்தின் அமைப்பு ஆள் யாரென்று தேடிக்கொண்டிருக்காது. முகவரியையே அடைத்துவிடும். 2010 அக்டோபரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து ஒருவர் கட்டுரைகளை மொத்தமாக இறக்கியபோது, ஆய்விதழ்களைத் தொகுத்து வழங்கும் ஜேஸ்டோர் என்ற தளம் அந்தப் பல்கலைக்கழகம் முழுவதற்குமே சில நாட்கள் சேவையை நிறுத்திவிட்டது. அங்கே யாரும் கடவுச்சொல்லைக் கடன் கொடுக்கவில்லை. ஆனால் ஒருவர் செய்தது எல்லோரையும் பாதித்தது என்ற அளவில் நிலைமை ஒன்றுதான்.

எங்களுக்கு மூன்று நாட்கள் அந்த இதழ்கள் கிடைக்கவில்லை. என் ஆய்வகத்தில் மூத்தவரான ஓர் அக்கா, அடுத்த வாரம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டியவர், மேற்கோள்களைச் சரிபார்க்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். காரணம் நான் என்று அவருக்கு அப்போது தெரியாது. என் கணக்கையும் இரண்டு வாரம் முடக்கினார்கள். மின்னஞ்சல், தரவுகள், நெறியாளருக்கு அனுப்ப வேண்டிய அத்தியாயம் எல்லாமே அதற்குள் சிக்கிக்கொண்டன. அது எனக்கு நேர வேண்டியதுதான். அந்த அக்காவுக்கு நேர்ந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கடவுச்சொல் கணினிகளுக்குள் வந்த கதையே இதைச் சார்ந்ததுதான். 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் என்று ஒரு பங்கு. யார் பங்கு எது என்று பிரித்தறியக் கணக்கும் கடவுச்சொல்லும் தேவைப்பட்டன. தன் பங்கு போதாமல், 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் கடவுச்சொல் கோப்பையே அச்செடுத்து மற்றவர்களின் நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்ததும் தன் ஆய்வை முடிப்பதற்கான நேரம்தான். நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். அந்த நேரம் இன்னொருவருடையது, அவ்வளவுதான்.

நண்பர் கேட்பதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. சில பேராசிரியர்கள் மதிப்பெண் ஏற்றுவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது போன்ற வேலைகளுக்காகத் தங்கள் கடவுச்சொல்லை ஆய்வு மாணவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். மாணவரும் அதை நம்பிக்கையின் அடையாளமாக எண்ணிப் பெருமைப்படுகிறார். என்றாவது ஒரு மதிப்பெண் மாறியிருந்தால் முதல் சந்தேகம் யார்மீது விழும்? தான் மாற்றவில்லை என்று அந்த மாணவர் எதை வைத்து நிரூபிப்பார்? பதிவேட்டில் பேராசிரியரின் பெயர்தான் இருக்கும். கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும் என்ற பட்டியலில் மாணவரின் பெயர் இருக்கும். உங்களிடம் இப்படிக் கொடுத்தால், "ஐயா, எனக்குத் தனி அனுமதி வாங்கித் தாருங்கள், என் கணக்கிலிருந்தே செய்துவிடுகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலான அமைப்புகளில் உதவியாளருக்கென்று தனி அனுமதி தர வழி உண்டு. கூட்டு ஆய்வுக்கும் இதே முறைதான். பொதுக் கோப்புறை ஒன்றை உருவாக்கிக் குழுவுக்கு அனுமதி கொடுத்தால் யாரும் யாருடைய கணக்கிலும் நுழைய வேண்டியதில்லை.

வெளியாள் கையில் கணக்குகள் சிக்கினால் என்ன ஆகும் என்பதை 2020 மே மாதம் பார்த்தோம். ஐரோப்பாவில் பல மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) மையங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஆர்ச்சர் அவற்றில் ஒன்று. நுழைந்தவர்கள் பயன்படுத்தியவை ஆய்வாளர்களிடமிருந்து திருடப்பட்ட கணக்குகள். ஆயிரக்கணக்கான மணி நேரக் கணக்கீடுகளுக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மற்றவை உங்களுக்கும் தெரிந்தவைதான். பல்கலைக்கழகக் கடவுச்சொல்லை வேறு எந்தத் தளத்திலும் பயன்படுத்தாதீர்கள். பொதுக் கணினியிலிருந்து எழுந்திருக்கும்போது வெளியேறிவிடுங்கள். நீங்கள் உள்நுழைய முயலாத நேரத்தில் கைபேசியில் ஒப்புதல் கேட்டு அறிவிப்பு வந்தால், எத்தனை முறை வந்தாலும் மறுத்துவிடுங்கள். உங்கள் கடவுச்சொல் வேறு யாருக்கோ தெரிந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி, உடனே மாற்றிவிடுங்கள்.

இனி உங்கள் நண்பருக்கு வருவோம். அவருக்கு உதவுங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எந்தெந்தக் கட்டுரைகள் வேண்டும் என்று பட்டியல் கேளுங்கள். பலவற்றின் முன்பதிப்பு, அதாவது இதழில் வெளிவருவதற்கு முந்தைய வடிவம், இலவசக் களஞ்சியங்களிலேயே கிடைக்கும். கிடைக்காதவற்றுக்குக் கட்டுரையாசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள், தங்கள் கட்டுரையை ஒருவர் தேடிப் படிப்பது எந்த ஆய்வாளருக்கும் பிடித்த விஷயம். அவர் கல்லூரி நூலகரிடம் நூலகங்களுக்கிடையிலான இரவல் பற்றியும் கேட்கலாம்.

ஒருவேளை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றே கடவுச்சொல்லை மாற்றி, மற்றச் சாதனங்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறும் வசதியையும் அழுத்துங்கள். பிறகு எந்தத் தேதியில், யாரிடம் கொடுத்தீர்கள் என்று கணினி மையத்துக்கு எழுதுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அந்த அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன் நண்பனுக்கு எந்த நான்கு கட்டுரைகள் வேண்டும்?" என்று கேட்டார். தலைப்புகளைச் சொன்னேன். இரண்டு அவர் கணினியிலேயே இருந்தன. அன்று மாலையே அவனுக்கு அனுப்பிவைத்தார்.