விஎம் (மெய்நிகர் கணினி) டிஸ்க்கை 60 ஜிபி ஆக்கியும் உள்ளே 12 ஜிபிதான் காட்டுகிறதா?

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) உபுண்டு சர்வர் வைத்திருக்கிறேன். முதலில் கொடுத்தது 25 ஜிபி. இடம் நிரம்பியதும் விஎம்மை அணைத்துவிட்டு டிஸ்க்கை 60 ஜிபிக்குக் கூட்டினேன். உள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் 12 ஜிபிதான், அதுவும் முழுக்க நிரம்பியிருக்கிறது என்கிறது. இரண்டு ஸ்னாப்ஷாட்டும் (விஎம்மின் அந்தந்த நேரத்து நிலையின் பதிவு) இருக்கின்றன. பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) அழித்துவிட்டு மறுபடி உருவாக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். பார்ட்டிஷனை அழித்து மறுபடி போடும் முறை தெரிந்தவர் கையில் வேலை செய்யும்தான், ஆனால் தொடங்கும் இடம் ஓர் எண் பிசகினால் போதும், அடுத்த தடவை விஎம் எழுந்திருக்காது. உங்களுக்கு அது தேவையே இல்லை.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. 25 ஜிபி கொடுத்த டிஸ்க்கில் 12 ஜிபிதான் எப்படித் தெரியும்? உபுண்டு சர்வரை நிறுவும்போது அது சொன்னபடியே எல்விஎம் முறையை (டிஸ்க் இடத்தைப் பிறகு நீட்டிக்கொள்ள உதவும் அடுக்கு) ஒப்புக்கொண்டால், இந்த அளவு டிஸ்க்கில் ஏறக்குறைய பாதியைத்தான் ரூட்டுக்கு, அதாவது சிஸ்டம் இருக்கும் முதன்மைப் பகுதிக்கு, கொடுக்கும். மீதியைப் பிறகு தேவைப்படும் என்று ஒதுக்கி வைத்துவிடும். அதாவது நீங்கள் டிஸ்க்கைக் கூட்டுவதற்கு முன்பே 11 ஜிபிக்கு மேல் சும்மா கிடந்தது. நிறுவும்போது ஒரு திரையில் இது காட்டப்படுகிறது, உண்மைதான், ஆனால் பத்துத் திரைக்கு நடுவே ஒரு வரியாக வந்தால் புதிதாக நிறுவுகிறவர் கண்ணில் எப்படிப் படும்? பெரிய எழுத்தில் 'பாதி இடம் ஒதுக்கப்படவில்லை' என்று ஒரு எச்சரிக்கை போட்டிருந்தால் எத்தனையோ பேருடைய ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, 60 ஏன் போய்ச் சேரவில்லை? நீங்கள் கூட்டியது வெளியே இருக்கும் டிஸ்க் ஃபைலை மட்டும். அதற்குள் பார்ட்டிஷன், பார்ட்டிஷனுக்குள் எல்விஎம், எல்விஎம்முக்குள் ஃபைல் சிஸ்டம். ஒருவருக்குச் சொன்னால் அடுத்தவருக்குத் தானாகத் தெரியாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலில் உள்ளே, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையைக் கொடுத்து, எஸ்டிஏ (sda, உங்கள் டிஸ்க்) என்ற வரியை மட்டும் பாருங்கள். அங்கே 60 என்று இருந்தால் நல்லது. 25 என்றே இருந்தால் காரணம் உங்கள் ஸ்னாப்ஷாட்தான். இந்த இடத்தில்தான் பலரும் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிடத்திலிருந்து விஎம் பழைய டிஸ்க் ஃபைலில் எழுதுவதில்லை. பக்கத்தில் ஒரு புது ஃபைல் போட்டு, மாற்றங்களை அதில் எழுதுகிறது. நீங்கள் அடியில் இருக்கும் ஃபைலைப் பெரிதாக்கினால் மேலே இருப்பது பழைய அளவிலேயே நிற்கும், விஎம் பார்ப்பது மேலே இருப்பதை. இதைக் கண்டு பதறி, ஸ்னாப்ஷாட் ஃபைலை ஃபோல்டருக்குள் போய் நேரடியாக டெலீட் செய்கிறவர்கள் உண்டு. அதைச் செய்தால் ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதியதெல்லாம் போச்சு. 'ரீஸ்டோர்' பட்டனும் அப்படித்தான், பழைய நிலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். விர்ச்சுவல்பாக்ஸின் உள்ளே இருக்கும் 'டெலீட்' மட்டும், பெயர்தான் பயமுறுத்துகிறதே தவிர, மாற்றங்களைச் சேர்த்து இணைக்கிற வேலையைச் செய்கிறது. ஆனாலும் உங்களைப்போல அடி ஃபைலின் அளவை ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கு நான் அதையும் சொல்வதில்லை. விஎம்மை முழுவதுமாக அணைத்துவிட்டு (சேவ் செய்து நிறுத்துவது கணக்கில் வராது), 'குளோன்' எடுங்கள். முழு நகல், தற்போதைய நிலை மட்டும் என்று தேர்ந்தெடுங்கள். நெட்வொர்க் முகவரி மாறாமலிருக்க வேண்டுமானால் மேக் முகவரிகளை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அப்படியே வைக்கச் சொல்லுங்கள், ஆனால் அப்புறம் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டக் கூடாது. நகலில் ஸ்னாப்ஷாட் எதுவும் இருக்காது. அதன் டிஸ்க்கை 60 ஜிபி ஆக்குங்கள். பழைய விஎம் தொடாமல் கிடக்கட்டும், அதுவே உங்கள் பேக்கப். எஸ்டிஏ வரியில் ஏற்கெனவே 60 வந்தவர்களும் தொடர்வதற்கு முன் இந்த நகலை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் உள்ளே செய்ய வேண்டியது. டிஸ்க் முழுக்க நிரம்பியிருப்பதால் முதலில் சில நூறு எம்பியாவது காலி செய்யுங்கள், ஆப்ட் கேஷ் (இறக்கிவைத்த நிறுவல் ஃபைல்கள்), பழைய ஜர்னல் லாக் (சிஸ்டம் பதிவுகள்) இதெல்லாம் போதும். இல்லாவிட்டால் இடத்தைக் கூட்டும் கட்டளையே 'இடமில்லை' என்று நின்றுவிடும், ஏனென்றால் அதற்குத் தன் தற்காலிக ஃபைலை எழுதவும் இடம் வேண்டும்.

எல்எஸ்பிஎல்கே பட்டியலில் எல்விஎம் இருக்கும் பார்ட்டிஷன் எது என்று பாருங்கள், பெரும்பாலும் எஸ்டிஏ3. பார்ட்டிஷனை நீட்டும் க்ரோபார்ட் (growpart) கட்டளைக்கு டிஸ்க் பெயரையும் 3 என்ற எண்ணையும் நடுவில் இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கொடுங்கள், சேர்த்து எழுதினால் பிழை வரும். அடுத்தது எல்விஎம்முக்குப் புது அளவைச் சொல்லும் பிவிரீசைஸ் (pvresize), இதற்கு எஸ்டிஏ3 என்று சேர்த்தே கொடுக்க வேண்டும். (ஒன்றில் பிரித்து, மற்றதில் சேர்த்து! இதை எழுதியவர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பேசியிருக்கலாம்.) விஜிஎஸ் (vgs) கொடுத்துப் பார்த்தால் காலியிடம் 46 ஜிபி அளவுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால், கடைசியாக, ரூட் பகுதியை நீட்டும் எல்விஎக்ஸ்டெண்ட் (lvextend). அதில் சின்ன எல் (-l) போட்டு, காலியிடத்தின் நூறு சதவீதத்தையும் கூட்டச் சொல்லுங்கள். பெரிய எல் (-L) என்றால் ஜிபி கணக்கு, சதவீதம் எடுபடாது. கூடவே சின்ன ஆர் (-r) சேர்த்தால் ஃபைல் சிஸ்டத்தையும் அதுவே நீட்டிவிடும். இதையெல்லாம் விஎம் ஓடும்போதே செய்யலாம்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். இதைத் தேடினால் இலவச பார்ட்டிஷன் மென்பொருள் என்று வரிசையாக விளம்பரம் வரும். எல்லாம் அமைத்து முடித்து 'அப்ளை' அழுத்திய பிறகுதான் பணம் கேட்பவை அவற்றில் உண்டு. 'திரையைப் பகிருங்கள், ஐந்து நிமிடத்தில் முடிக்கிறேன்' என்று வருகிறவர்களை அதைவிட நம்பாதீர்கள். பார்ட்டிஷனை அழித்துக் குழப்பிவிட்டு, அப்புறம் டேட்டா மீட்கத் தனிக் கட்டணம் கேட்டதாக என்னிடம் வந்து வருந்தியவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தேவையான மூன்று கட்டளைகளுக்கும் ஒரு காசு செலவில்லை.

முடிந்ததும், இடத்தின் அளவைக் காட்டும் டிஎஃப் (df) கொடுத்துப் பாருங்கள், ரூட்டில் 57 ஜிபி அளவுக்கு வரும். மீதி பூட் பகுதிக்கும் ஃபைல் சிஸ்டத்தின் சொந்தக் கணக்குக்கும் போனது. நகல் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு பழைய விஎம்மை நீக்குங்கள், விர்ச்சுவல்பாக்ஸ் வழியாகவே.