கோவை தொழில் நகரமானது பைக்காரா மின்சாரத்தால்தானா? மின்வாரியம் எப்படி உருவானது?

ஆமாம், நீலகிரியில் ஓடும் பைக்காரா ஆற்றிலிருந்து எடுத்த மின்சாரம்தான் பெரிய காரணம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் மில்களின் வரலாற்றை மட்டும் படித்துவிட்டு வந்தவர் போலத் தெரிகிறது. அந்தக் கரண்ட் கிணற்றுக்கும் வந்தது. அந்தப் பாதியை யாரும் எழுதுவதில்லை என்பதால்தான் இந்தப் பதில்.

முதலில் நீங்கள் கேட்டது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் என்ற பஞ்சாலை 1888இலேயே வந்துவிட்டது. சென்னை மாகாண அரசு மின்துறையைத் தனியாக ஏற்படுத்தியது 1927இல். மாகாண அரசில் பொறுப்பில் இருந்த சர் சி.பி. ராமசாமி அய்யர் முன்னின்று அனுமதி வாங்கிய பைக்காரா திட்டத்தில் 1929இல் வேலை தொடங்கியது. நீலகிரியின் மேலிருந்து மூவாயிரம் அடிக்கு மேல் குழாயில் தண்ணீரை இறக்கி, அடிவாரத்தில் சிங்காராவில் டர்பைனைச் சுற்ற வைத்தார்கள். 1932இல் மின் உற்பத்தி தொடங்கிக் கரண்ட் கோவைப் பக்கம் இறங்கியது. அதற்கப்புறம்தான் மில்கள் மளமளவென்று முளைத்தன. 1937இல் மேட்டூர் மின்நிலையமும் சேர்ந்தது. எல்லா ஊருக்கும் அரசே நேரடியாகக் கொடுக்கவில்லை. ஈரோட்டில் சேலம்–ஈரோடு மின் விநியோகக் கம்பெனி என்று தனியார்தான் கொடுத்தார்கள். 1957 ஜூலை 1இல் மின்வாரியம் பிறந்தது. மிச்சமிருந்த தனியார் கம்பெனிகளை எடுத்துக்கொள்ள 1973இல் சட்டம் வந்தது. 2010இல் வாரியத்தைப் பிரித்தார்கள், 2024இல் மறுபடியும் பிரித்தார்கள். எங்களுக்கு இன்னமும் அது ஈபி ஆபீஸ்தான்.

இனி என் கதை. என் பையனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா நல்ல மனிதர், தறி ஓட்டுகிறவர். காபி குடித்துக்கொண்டே, "உங்களுக்கென்னங்க, ஓசிக் கரண்ட்ல தண்ணி பாய்ச்சறீங்க. நாங்கதானுங்க பில்லுக் கட்டியே ஓஞ்சு போறோம்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தொண்டையில் காபி இறங்கவில்லை.

என் ஐயன், அதாவது அப்பா, கவலை இறைத்து, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்து வளர்ந்தவர். காளைகள் வாரி என்ற சரிவில் இறங்கி ஏற, சால் என்ற பெரிய வாளியில் தண்ணீர் வரும். பகல் முழுக்க இறைத்தாலும் கொஞ்ச இடம்தான் நனையும். மோட்டார் வந்தபோது கடன் வாங்கித்தான் போட்டார்கள். அன்றைக்குக் கரண்ட் ஓசி கிடையாது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு கட்டினார்கள். 1970இல் யூனிட் 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனதும் கோவை விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஜூன் 19இல் திருப்பூர் பக்கத்துப் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டை வண்டிகளைக் கோவை நகரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள், நகரமே அசையவில்லை. என் ஐயனும் வண்டி பூட்டிக்கொண்டு போனார். நான் சின்னப் பையன், ஏறிக்கொள்கிறேன் என்று அழுதேன், விட்டுவிட்டுப் போய்விட்டார். சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் இலவசம் வந்தது. உயிரைக் கொடுத்து வாங்கியதை ஓசி என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, "இலவசத்தால்தான் நிலத்தடி நீர் போச்சு" என்று எழுத வருகிறவர்களுக்கு: நீர் இறங்கியது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அதற்கு போர்வெல்லும் காரணம், மழை பொய்த்ததும் காரணம், குளம் குட்டைகளை மூடியதும் காரணம். நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. மில்காரர்கள் மேலும் எனக்குக் கோபமில்லை. என் தங்கை மாப்பிள்ளையே மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை கரண்ட் எங்களுக்கு முறை வைத்துத்தான் வந்தது. ராத்திரி முறை என்றால் பாம்பு, தேளுக்கு நடுவில் டார்ச் அடித்துக்கொண்டு மடை மாற்ற வேண்டும். அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்தச் சம்பந்தம் கூடவில்லை. கரண்டைப் பற்றி நான் பதில் பேசியதால் இல்லை. "பையன் தோட்டத்தைப் பார்க்கறானுங்களா, கம்பெனிக்குப் போறதில்லீங்களா?" என்று கேட்டார்கள், அதோடு சரி. சாதகம் பொருந்தியது, சொந்தபந்தம் எல்லாம் தெரிந்த இடம். எங்கள் ஊரில் தோட்டம் பார்க்கிற பையன்கள் பலரும் முப்பத்தைந்து தாண்டி நிற்கிறார்கள். பத்து ஏக்கர் தென்னை இருந்தாலும், மாதச் சம்பளம் முப்பதாயிரம் வாங்குகிறவனுக்குத்தான் பெண் கொடுக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களிலும் பாதிப் பேர் விவசாயிகள்தான் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் ஆராய்ச்சிக்காகக் கேட்டிருந்தால் ஒன்று செய்யுங்கள். சிங்காராவைப் பற்றி எழுதும்போது பெருமாநல்லூருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.