சிறந்த இரண்டாம் இடம் யாருக்கு?

வணக்கம். சுங்கை சிப்புட் தோட்டக் காற்பந்தில் 10 குழுக்களை 4-3-3 எனப் பிரித்திருக்கிறீர்கள். மூன்று பிரிவிலும் முதலில் வந்தவர்கள் போக, அரையிறுதிக்கான நான்காவது இடத்தை எந்த இரண்டாம் இடக் குழுவுக்குக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். நான்கு குழுப் பிரிவில் இரண்டாவதாக வந்தவருக்கு ஓர் ஆட்டம் கூடுதல். கடைசி இடக் குழுவோடு அவர் ஆடியதைக் கழித்துவிட்டே ஒப்பிடுங்கள், இல்லையேல் திடலில் சண்டைதான். பிறகு வரிசையாகப் புள்ளி, கோல் வேறுபாடு (அடித்ததில் வாங்கியதைக் கழித்தது), அடித்த கோல், குறைந்த மஞ்சள், சிவப்பு அட்டைகள், கடைசியாகக் குலுக்கல் என்று பாருங்கள்.

அடித்த கோலை விட்டுவிடாதீர்கள். 2025 சீ விளையாட்டு (தென்கிழக்கு ஆசிய விளையாட்டு) ஆண்கள் காற்பந்தில் தத்தம் பிரிவில் இரண்டாவதாக வந்த மலேசியா, இந்தோனேசியா இரண்டுக்கும் 3 புள்ளி, கோல் வேறுபாடும் +1. நான்கு கோல் அடித்த மலேசியா அரையிறுதிக்குப் போனது; மூன்று அடித்த இந்தோனேசியா வீடு திரும்பியது.

விதியை எழுதி, முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லா மேலாளர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.