பிளாக் ஏஞ்சல்ஸில் தொடங்காதீர்கள்: குரோனோஸ் குவார்டெட் கேட்கப் போகும் ஒரு கர்நாடக ரசிகருக்கு

கேள்வி: கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன் நான். வேலைக்காக சான் பிரான்சிஸ்கோ பக்கம் வந்து நான்கு வருஷமாகிறது. அலுவலக நண்பர் ஒருவர் அடுத்த மாதம் நடக்கும் குரோனோஸ் குவார்டெட் என்ற தந்தி வாத்தியக் குழுவின் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் தயாராகிக்கொள்ளலாம் என்று அவர்களுடைய 'பிளாக் ஏஞ்சல்ஸ்' பதிவைப் போட்டேன், இரண்டு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. கச்சேரியில் 'டிஃபரென்ட் ட்ரெயின்ஸ்' என்று ஒன்று இருக்கிறதாம். ராகம், தாளம் எதுவும் பிடிபடாத இந்த இசையை எப்படிக் கேட்பது? எங்கே கைதட்டுவது?

பதில்:

உங்கள் காதில் எந்தக் குறையும் இல்லை. 'பிளாக் ஏஞ்சல்ஸ்' ஆரம்பம் தாங்க முடியாமல்தான் இருக்க வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம் அதை எழுதி முடித்தது 1970 மார்ச் 13, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம், 'போர்க் காலத்தில்' என்று லத்தீனில் அந்த இசைத்தாளிலேயே குறித்துவைத்திருக்கிறார். முதல் பகுதியின் பெயர் 'மின்சாரப் பூச்சிகளின் இரவு'. நான்கு தந்தி வாத்தியங்களையும் ஒலிபெருக்கியில் ஏற்றி, வில்லைத் தந்தியில் வெடவெடவென்று இழுக்கச் சொல்கிறார். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றுவதுபோல் பலருக்குக் கேட்கும். நீங்கள் எழுந்து போனீர்கள் என்றால் அது உங்களைச் சரியாகவே வந்து தொட்டிருக்கிறது என்று அர்த்தம்.

குரோனோஸ் குழு பிறந்ததே இந்த ஒரு உருப்படியால்தான். 1973-ல் சியாட்டிலில் டேவிட் ஹாரிங்டன் என்ற இளம் வயலின்காரர் ஒரு ராத்திரி ரேடியோவில் இதைக் கேட்டார், இதை வாசித்தே ஆக வேண்டும் என்று நால்வரைச் சேர்த்தார். இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா ஒன்று, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று, அவ்வளவுதான், முன்னால் நின்று இசையை நடத்துபவர் கிடையாது, தாள வாத்தியம் கிடையாது. இரண்டு நூற்றாண்டுக்கு முன்பு ஹெய்டனும் பீத்தோவனும் எழுதிய அதே அமைப்பு. ஆனால் இவர்கள் பழையதைத் திரும்ப வாசிப்பதைவிட, உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்களிடம் போய் எங்களுக்காகப் புதிதாக எழுதுங்கள் என்று கேட்பதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். முதல் முதலில் அப்படி எழுதிக் கொடுத்தவர் கென் பென்ஷூஃப், ஹாரிங்டனின் ஆசிரியர்; அதற்குச் சன்மானம் ஒரு பை டோனட். அங்கே தொடங்கி இன்று ஆயிரத்துக்கும் மேலான புதுப் படைப்புகளும், வேறு இசையை நால்வருக்கு ஏற்ப மாற்றி அமைத்தவையும் இவர்களுக்காக எழுதப்பட்டிருக்கின்றன.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் 'டிஃபரென்ட் ட்ரெயின்ஸ்' என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும், அதுவும் கச்சேரிக்கு முன் இரண்டு தடவை. உங்களைப் போன்ற கர்நாடக ரசிகர் நுழைவதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது, ஏன் என்று சொல்கிறேன்.

நம் கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதி பாடியதும் வயலின் அதை வாங்கித் திருப்பித் தருகிறது, இல்லையா? அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1988-ல் எழுதிய இந்த உருப்படியிலும் வயோலாவும் செல்லோவும் குரலோடு அப்படித்தான் பேசிக்கொள்கின்றன, ஆனால் அந்தக் குரல் பாட்டு அல்ல, சாதாரணப் பேச்சு. வயதானவர்களைப் பேட்டி எடுத்து, அந்த ஒலிநாடாவிலிருந்து சின்னச் சின்ன வாக்கியங்களை வெட்டி எடுத்து, பேச்சு எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்பதை அப்படியே ஸ்வரமாக எழுதியிருக்கிறார். பெண் பேசினால் வயோலா, ஆண் பேசினால் செல்லோ. பல இடங்களில் குரல் வரும் முன்பே வாத்தியம் அந்த மெட்டை வாசித்துவிடும், பிறகு குரல் வந்து சேரும்போது 'அட, இதுதானா' என்று இருக்கும். முதல் தடவை கேட்கும்போது இதை மட்டும் கவனியுங்கள், வேறு எதையும் தேடாதீர்கள்.

இரண்டாம் தடவை ரயிலைக் கேளுங்கள். ரைஷ் சின்னப் பையனாக இருந்தபோது பெற்றோர் பிரிந்திருந்தார்கள், அப்பா நியூயார்க்கில், அம்மா லாஸ் ஏஞ்சல்ஸில். 1939 முதல் 1942 வரை தன்னைப் பார்த்துக்கொண்ட அம்மையாரோடு இரண்டு ஊருக்கும் இடையே ரயிலில் போய்ப் போய் வந்தார். யூதரான தான் அதே வருஷங்களில் ஐரோப்பாவில் இருந்திருந்தால் ஏறியிருக்கும் ரயில் எது என்ற நினைப்பு பின்னால் அவருக்கு வந்தது, அதனால்தான் அந்தத் தலைப்பு. முதல் பாகத்தில் பேசுபவர்கள் அந்த அம்மையாரும், ஒரு பழைய ரயில் பணியாளரும். இரண்டாவதில் நாஜி முகாம்களிலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள். அமெரிக்க ரயிலின் ஊதல் நீளமாக, இனிமையாகவே இருக்கும். ஐரோப்பிய ரயிலின் ஊதல் குட்டையாக, வீறிட்டுக் கத்தும். சைரனும் சேர்ந்துகொள்ளும். யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை, அந்த ஊதல் மாறும் இடத்தில் வயிறு கலங்கும்.

தாளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரைஷ் டிரம் கற்றவர், ரயில் ஓட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது டிரம் பயிலும் பிள்ளைகள் இரண்டு கையையும் மாற்றி மாற்றி அடித்துச் சாதகம் செய்யும் ஒரு பாடத்தை. அதனால் நடை உங்களுக்குத் தெளிவாகவே கேட்கும். ஆனால் ஒவ்வொரு புதிய வாக்கியம் வரும்போதும் பேசியவரின் வேகத்துக்கும் குரலுக்கும் ஏற்பக் காலப்பிரமாணமும் சுருதியும் சட்டென்று மாறிவிடும். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் அங்கே விழுந்துவிடுவீர்கள், கையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மேடையில் இருப்பது நால்வர்தான், ஆனால் காதில் விழுவது அதைவிட நிறைய. முன்பே பதிவு செய்த மூன்று குவார்டெட் அடுக்குகளும், பேச்சும், ரயில் சத்தமும் ஒலிபெருக்கியில் வர, நேரில் வாசிப்பது நான்காவது அடுக்கு. ஆகவே இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் முன்வரிசையைவிட அரங்கின் நடுவில் உட்காருவதே நல்லது, அங்கேதான் எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும்.

கைதட்டல்: மூன்று பாகமும் நிற்காமல் ஓடும், மொத்தம் அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. முடிந்த பிறகு வில் கீழே இறங்கும்வரை பொறுத்திருங்கள். நடுவில் 'பேஷ்', 'ஆஹா' எதுவும் வேண்டாம், நம் பழக்கத்தில் அது கஷ்டம்தான், தெரியும். மற்ற உருப்படிகளுக்கும் இதே வழி. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டும்வரை காத்திருந்தால் போதும்.

நேரம் இருந்தால் 1992-ல் வந்த 'பீசஸ் ஆஃப் ஆஃப்ரிக்கா' பதிவில் ஹம்ஸா எல் தீன் எழுதிய 'எஸ்கலாய்' கேளுங்கள். எஸ்கலாய் என்றால் நீர் இறைக்கும் சக்கரம். எகிப்து, சூடான் எல்லையை ஒட்டிய நூபியாவைச் சேர்ந்த அவருடைய சொந்த மண் அஸ்வான் அணையின் நீரில் மூழ்கிப்போனது. சக்கரம் சுற்றுவதுபோலவே மெட்டு திரும்பத் திரும்பச் சுற்றும், கமலை இறைத்த ஊர்க்காரர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள்.

ஆள் மாற்றமும் உண்டு. பல பத்தாண்டுகள் கூடவே இருந்த இரண்டாம் வயலின்காரர் ஜான் ஷெர்பாவும் வயோலாக்காரர் ஹாங்க் டட்டும் 2024-ல் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அதனால் பழைய வீடியோவில் பார்த்த முகங்களை மேடையில் தேடாதீர்கள். ஹாரிங்டன் முதல் வயலினில்.

அப்புறம், 'பிளாக் ஏஞ்சல்ஸ்' பக்கம் திரும்ப மனசு வந்தால், அதன் 13 பகுதிகளில் பத்தாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் 'கடவுள் இசை'. மூன்று பேர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்த்த கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பை வில்லால் தேய்க்க, மேலே செல்லோ மட்டும் தனியாகப் பாடும். ராத்திரி வீடு அடங்கிய பிறகு, ஹெட்போனில்.